ரன் ஓவருக்கு அப்புறம்: லோகோ பைலட் தன்னைத் தானே எப்படித் தேற்றிக்கொள்வது

ரயில் ஓட்டும் தம்பிகளுக்காகவும் அவர்கள் வீட்டில் இருப்பவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். அசிஸ்டென்டாக, அதாவது உதவி ஓட்டுநராகச் சேர்ந்து, கூட்ஸ், பாசஞ்சர், மெயில் என்று படிப்படியாக ஏறி, ஜோலார்பேட்டைக்கும் ஈரோட்டுக்கும் நடுவிலேயே பாதி வாழ்க்கையைக் கழித்து ஓய்வு பெற்றவன் நான். தண்டவாளத்தில் மனித உயிர் போவதை கேபினில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். பார்த்துவிட்டு வந்தவர்களோடு, வண்டி ஓட்டிவிட்டு வந்தவர்கள் தங்கி ஓய்வெடுக்கும் ரன்னிங் ரூமில் விடிய விடிய உட்கார்ந்தும் இருக்கிறேன். சிக்னலுக்கு வகுப்பு உண்டு, லோகோ ட்ரபிளுக்கு வகுப்பு உண்டு. ரன் ஓவர் ஆன, அதாவது நம் வண்டியில் ஒருவர் அடிபட்டுச் செத்த அன்றைக்கு ராத்திரி பாயில் படுத்தால் கண்ணை மூட முடியவில்லையே, அதற்கு என்ன செய்வது என்று என் காலத்தில் யாரும் சொல்லித்தந்ததில்லை. லாரி, பஸ் ஓட்டுகிறவர்களுக்கும் ஆம்புலன்ஸில் வேலை செய்கிறவர்களுக்கும்கூட இதில் பாதி பொருந்தும்.

சொல்ல வருவது ஒன்றுதான். உங்கள் அசிஸ்டென்டுக்கு இது நடந்திருந்தால் அவனை எப்படி நடத்துவீர்களோ, அப்படியே உங்களையும் நடத்துங்கள். கேட்கச் சுலபமாக இருக்கும். ஆனால் ஆயிரம் டன் வண்டியைத் தனியாளாக இழுத்துப்போகப் பழகிய நமக்கு இது வராது. பழகத்தான் வேண்டும்.

முதல் ராத்திரி

வண்டி நின்றதும் அசிஸ்டென்ட் இறங்கிப் போய்ப் பார்ப்பார், வாக்கி டாக்கியில் கார்டுக்கும் ஸ்டேஷனுக்கும் சொல்லியாகும், அடுத்த ஸ்டேஷனில் மெமோ கொடுத்தாகும். பெரும்பாலும் அதே வண்டியை நாமே ஓட்டிக்கொண்டு போகிறோம். கை நடுங்கினால், சிக்னல் கண்ணில் பட்டும் மனதில் பதியாமல் போனால், ரிலீஃப் (மாற்று ஓட்டுநர்) கேளுங்கள். பின்னால் ஆயிரத்துக்கு மேல் பயணிகள் உட்கார்ந்திருக்கிறார்கள். கேட்பது கோழைத்தனம் என்று எவனாவது சொன்னால் அவன் பேச்சை விடுங்கள். ரிலீஃப் கிடைக்கும் வரை ஓட்டத்தான் வேண்டும் என்றால் அசிஸ்டென்டிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள்: "தம்பி, எனக்கு மனசு சரியில்லை. நீ சிக்னலைச் சத்தமா சொல்லு, நானும் சத்தமா சொல்றேன்."

ட்யூட்டி பதிவு செய்யும் லாபியில் சைன் ஆஃப் பண்ணி, ட்யூட்டியை முடித்துவிட்டு வெளியே வரும்போது உடம்பு ஏதோ மாதிரி இருக்கும். குளிரும், அல்லது வேர்க்கும். வாய் வறண்டிருக்கும். சிலருக்கு வாந்தி வரும். சிலருக்கு ஒன்றுமே தோன்றாது, பசிகூட எடுக்கும். இந்தக் கடைசி ரகம்தான் பின்னால் ரொம்பவும் தவிக்கிறது. "ஒரு உயிர் போயிருக்கு, நான் உட்கார்ந்து இட்லி சாப்பிட்டேனே, நான் மனுஷனா?" என்று ஒரு நல்ல மனிதர் என்னிடம் அழுதிருக்கிறார். அதிர்ச்சி வந்தால் உடம்பு அட்ரினலினைக் கொட்டும், சமயத்தில் உணர்ச்சியையே கொஞ்ச நேரத்துக்கு மூடி வைத்துவிடும். அது உடம்பின் ஏற்பாடு. உங்களைக் கேட்டு அது நடக்கவில்லை, உங்கள் குணத்துக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

அன்றைக்கு நீங்களே பைக் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகாதீர்கள். சாவியை யாரிடமாவது கொடுத்துவிட்டுப் பின்னால் உட்காருங்கள். வீட்டுக்குப் போனதும் வெந்நீரில் குளியுங்கள். சூடாக எதையாவது குடியுங்கள், டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு குடியுங்கள். அந்தச் சூடு உள்ளங்கைக்கு ஏறட்டும். இது என்ன பெரிய வைத்தியமா என்று தோன்றும். ஆபத்து முடிந்துவிட்டது என்று உடம்புக்கு வாயால் சொல்லிப் புரியவைக்க முடியாது. சூட்டாலும், பக்கத்தில் ஒரு ஆள் இருப்பதாலும்தான் அதற்குப் புரியும். தனியாக மட்டும் இருக்காதீர்கள். வெளியூர் ரன்னிங் ரூமில் மாட்டிக்கொண்டால் ரூம்மேட்டை எழுப்பலாம், அவர் கோபித்துக்கொள்ள மாட்டார். நமக்குள் அந்த உரிமை உண்டு.

குடித்தால் தூக்கம் வரும் என்று ஒருவர் வாங்கி வருவார். வேண்டாம். மறுநாள் ட்யூட்டி ஏறும்போது சைன் ஆனில் மூச்சுச் சோதனை இருக்கிறது என்பதற்காக மட்டும் சொல்லவில்லை. குடித்துவிட்டுத் தூங்கினால் நடுராத்திரியில் முழிப்புத் தட்டும், அந்த நேரத்தில்தான் பார்த்த காட்சி திரும்பக் கண்முன் வரும். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரையும் அப்படித்தான். இப்படிப்பட்ட அதிர்ச்சிக்குப் பிறகு முதல் மாதத்தில் பென்சோடயசெபின் வகை மாத்திரைகளைக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2013-இல் டாக்டர்களுக்கே சொல்லியிருக்கிறது. தூக்கம் வராவிட்டால் படுத்திருங்கள், எழுந்து உட்காருங்கள், மறுபடி படுங்கள். ஓரிரு ராத்திரி அப்படிப் போவதால் ஒன்றும் ஆகிவிடாது. ஆனால் தூங்காமல் ட்யூட்டிக்குப் போகாதீர்கள், ரெஸ்ட் கேட்டு வாங்குங்கள்.

இன்னொன்று. "எல்லாத்தையும் இப்பவே கொட்டிடு, மனசு லேசாயிடும்" என்று சிலர் பிடித்து உட்காரவைப்பார்கள். பேசத் தோன்றினால் பேசுங்கள். தோன்றாவிட்டால் பேச வேண்டியதில்லை. முதல் நாளே பார்த்ததை எல்லாம் வலிந்து விவரிக்கவைப்பது நல்லதல்ல என்றுதான் இப்போது மருத்துவர்களும் சொல்கிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள்

இரண்டு மூன்று நாளில் தலைக்குள் ஒரு விசாரணை தொடங்கும். விசில் ஒரு நொடி முன்னால் அடித்திருந்தால்? பிரேக்கை அப்போதே போட்டிருந்தால்? அன்றைக்கு சிக் லீவ் போட்டிருந்தால்? இந்த விசாரணையில் குற்றம் சாட்டுகிறவர், சாட்சி, நீதிபதி எல்லாமே நீங்கள்தான். வாதாடத்தான் ஆள் இல்லை. அதனால் ஒரு பேப்பரை எடுத்துக் கணக்குப் போடச் சொல்கிறேன். இதை நான் செய்தது எப்படி என்று காட்டுகிறேன்.

டபுள் லைன். மொரப்பூர் தாண்டி ஒரு வளைவு முடிகிற இடம். எதிர் லைனில் ஒரு கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா, அந்தக் கூட்ஸ் போகட்டும் என்று காத்து நின்றிருந்தார். காத்து நின்ற இடம் எங்கள் லைன். கூட்ஸ் போடுகிற சத்தத்தில் என் விசில் அவருக்குக் கேட்டிருக்காது. புல்லுக்கட்டு பக்கவாட்டுப் பார்வையையும் மறைத்திருந்தது.

பேப்பரில் இப்படி எழுதினேன். வேகம் 110. அப்படியென்றால் ஒரு நொடிக்கு 30 மீட்டர். வளைவு முடிந்து அவர் கண்ணில் பட்டபோது தூரம் ஏறக்குறைய 300 மீட்டர். ஆக, இருந்தது பத்து நொடி. ஏ-9 என்ற பிரேக் ஹேண்டிலை எமர்ஜென்ஸிக்குத் தள்ளினாலும் பிரேக் பைப்பில் 5 கிலோ அழுத்தத்தில் இருக்கும் காற்று வெளியேறி, கடைசிப் பெட்டி வரை பிரேக் பிடிக்கச் சில நொடிகள் ஆகும். எஃகுச் சக்கரம், எஃகுத் தண்டவாளம், 24 பெட்டி. அந்த வேகத்தில் வண்டி முழுதாக நிற்க ஒரு கிலோமீட்டருக்குப் பக்கம் வேண்டும். 300 மீட்டர் தாண்டும்போது வேகம் 90-க்கு மேல்தான் இருந்திருக்கும். நான் விசிலை விடாமல் அடித்தேன், பிரேக்கைப் போட்டேன். செய்ய முடிந்தது அவ்வளவுதான். அதற்கு மேல் அந்த எஞ்சினிலேயே ஒன்றும் இல்லை.

இதை எழுதும்போது இரண்டு பத்தி வையுங்கள். இடது பக்கம், அந்த நொடியில் எனக்குத் தெரிந்தது. வலது பக்கம், பிறகு எனக்குத் தெரியவந்தது. "அவங்க திரும்பிப் பார்க்க மாட்டாங்க" என்பது வலது பக்கம். "ஒரு ஆள் நிக்கிறாங்க, விசில் அடிச்சா விலகுவாங்க" என்பது இடது பக்கம். தினமும் எத்தனையோ பேர் விலகுகிறார்கள், நமக்கு அதுதான் பழக்கம். ராத்திரி நீங்கள் உங்களைத் திட்டுகிற வார்த்தைகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பாருங்கள், எல்லாமே வலது பக்கத்தில் வந்து விழும். முடிவு தெரிந்த பிறகு வரும் அறிவை முன்னால் இருந்த ஆளின் மேல் சுமத்துகிறோம்.

கை உறைந்துபோய்விட்டது, ஒரு நொடி ஒன்றுமே செய்யத் தோன்றவில்லை என்று சொல்கிறவர்களும் உண்டு. பெரிய ஆபத்தைக் கண்ட உடம்பு ஓடும், எதிர்க்கும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். மூன்றில் எது என்று அது நம்மைக் கேட்டு முடிவெடுப்பதில்லை. அந்த நொடியையும் கணக்கில் எழுதுங்கள், உடம்பின் பெயரில் எழுதுங்கள்.

இந்தக் கணக்கு வலியைப் போக்காது. அந்த அம்மாவை நினைத்தால் எனக்கு இன்னும் வலிக்கிறது. வலிக்கத்தான் வேண்டும். வலி வேறு, பழி வேறு. கணக்கு பழியை மட்டும்தான் எடுத்துப்போடும். உங்கள் பக்கமும் ஏதாவது குறை இருந்து விசாரணை நடக்கிறது என்றால் அதை அதன் அளவோடு ஒப்புக்கொள்ளுங்கள். அதற்காக ஒவ்வொரு ராத்திரியும் உங்களை அடித்துக்கொள்வதால் போன உயிருக்கு ஒரு நன்மையும் இல்லை.

தனக்குத் தானே சொல்லிக்கொள்வது

டெக்சஸ் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உளவியலாளர் கிறிஸ்டின் நெஃப் 2003-இல் தன் மேல் காட்டும் கருணையைப் பற்றி எழுதத் தொடங்கியபோது மூன்று விஷயம் சேர்ந்தால்தான் அது முழுமை என்றார். தன்னிடம் அன்பாகப் பேசுவது. இது எனக்கு மட்டும் வந்ததில்லை, மனிதர்களுக்கு வருவதுதான் என்று உணர்வது. வலியை ஊதிப் பெருக்காமலும் மறைக்காமலும் உள்ளபடி பார்ப்பது. நமக்கு இரண்டாவதுதான் எளிது, அதிலிருந்தே தொடங்கலாம். மெயின் லைனில் ஓட்டி ஓய்வு பெற்றவர்களில் ஒரு ரன் ஓவர்கூடப் பார்க்காதவர் அபூர்வம். உங்கள் லாபியில் வயதில் மூத்த ஒருவரைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, உங்களுக்கு முதல் தடவை நடந்தப்போ என்ன பண்ணீங்க?" என்று கேளுங்கள். பலர் தங்கள் மனைவியிடம்கூடச் சொல்லாததை உங்களிடம் சொல்வார்கள். கணக்குச் சொல்லிச் சிரிக்கிற ஆட்களும் லாபியில் உண்டு, எத்தனையாவது என்று கேட்பார்கள். முதல் சில வாரம் அவர்கள் பக்கம் போகாதீர்கள்.

முதலாவதுதான் கஷ்டம். அதற்கு நான் வைத்திருக்கும் வழி இது. உங்களோடு ஓட்டிய அசிஸ்டென்ட்களில் உங்களுக்குப் பிடித்த ஒருவனை நினைத்துக்கொள்ளுங்கள். உங்களுக்கு நடந்தது அவனுக்கு நடந்துவிட்டது. ரன்னிங் ரூம் கட்டிலில் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். "அண்ணே, நான் கொன்னுட்டேன்ணே" என்கிறான். நீங்கள் என்ன சொல்வீர்கள்? வாய்க்குள் சொல்லாமல் வெளியே சொல்லுங்கள். நான் சொல்வது: "இல்லடா தம்பி. நீ விசில் அடிச்ச, பிரேக் போட்ட. வண்டி நிக்காது, உனக்குத் தெரியும். உனக்கு இப்படி ஒரு கஷ்டம் வந்துடுச்சே. சாப்பிட்டியா? நான் இங்கதான் இருக்கேன், நீ படு."

இப்போது அதே வார்த்தைகளை, "டா தம்பி" உட்பட, உங்கள் பெயரைச் சேர்த்து உங்களுக்கே சொல்லுங்கள். குரலையும் அதே மாதிரி வையுங்கள். நாம் நம்மிடம் பேசும் குரல் பெரும்பாலும் சார்ஜ் ஷீட் வாசிக்கிற குரலாக இருக்கும். அழகான வாக்கியம் தேட வேண்டியதில்லை, புத்தகத்தில் இருப்பதை மனப்பாடம் செய்தால் அது ஒட்டாது. உங்கள் அம்மா காய்ச்சலில் கிடந்த உங்களிடம் எப்படிப் பேசினாரோ அந்தப் பேச்சு வழக்கிலேயே இருக்கட்டும். கொங்குத் தமிழோ நெல்லைத் தமிழோ, எதுவாக இருந்தாலும் சரி. விரும்பினால் ஒரு கையை நெஞ்சில் வைத்துக்கொள்ளலாம். நெஞ்சில் வைத்தால் படபடப்பு கூடுகிறது என்பவர்கள் ஒரு கையால் மற்றக் கையைப் பிடித்துக்கொண்டால் போதும்.

ஒரு எச்சரிக்கை. இப்படி அன்பாகப் பேசத் தொடங்கியதும் சிலருக்கு முன்பைவிட அதிகமாக வலிக்கும். அடக்கி வைத்த அழுகை வரும், எப்போதோ செத்துப்போன அப்பா ஞாபகம்கூட வரும். ரொம்ப நேரம் மடக்கி உட்கார்ந்து மரத்துப்போன காலில் ரத்தம் திரும்ப ஓடும்போது சுருக் சுருக்கென்று குத்துமே, அது மாதிரிதான். இதனால் ஆபத்து இல்லை, ஆனால் ஒரே மூச்சில் தாங்க வேண்டியதும் இல்லை. அதிகமாகிவிட்டால் நிறுத்துங்கள். எழுந்து முகம் கழுவுங்கள், செடிக்குத் தண்ணீர் ஊற்றுங்கள், டீக்கடை வரை நடந்துவிட்டு வாருங்கள். நிறுத்தத் தெரிவதும் தன் மேல் காட்டும் கருணையில் சேர்த்திதான். கண்ணை மூடிக்கொண்டு தியானத்தில் உட்காரச் சொல்வார்கள். காட்சி வந்துகொண்டிருக்கும் காலத்தில் கண்ணை மூடாதீர்கள். கண் திறந்தே இருக்கட்டும், பாதம் இரண்டும் தரையில் இருக்கட்டும். நாலு எண்ணி மூச்சை இழுத்து ஆறு எண்ணி விடுங்கள். வெளியே விடுவது நீளமாக இருந்தால் நெஞ்சுத் துடிப்பு அடங்கும்.

கோபம்

இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

இறந்தவர் மேல் கோபம் வரும். ஒரு நிமிடம் பொறுத்திருக்கக் கூடாதா, ஏன் என் வண்டியில், எனக்கும் பிள்ளைகள் இருக்கிறார்களே என்று வரும். காதில் இயர்போன் மாட்டிக்கொண்டு கடந்தவராக இருக்கலாம், சாக வேண்டும் என்ற முடிவோடு வந்தவராக இருக்கலாம். கோபம் வந்த அடுத்த நொடி, செத்தவர் மேல் கோபப்படுகிறேனே பாவி என்று உங்கள் மேலேயே திரும்பும். முதல் காயத்தைவிட இந்த இரண்டாவது காயம்தான் நிறையப் பேரை அரிக்கிறது.

கோபம் வரட்டும். உங்களைக் கேட்காமல் உங்கள் வாழ்க்கைக்குள் ஒரு மரணம் வந்து விழுந்திருக்கிறது, கோபம் வராமல் என்ன செய்யும்? தண்டவாளத்தில் அத்துமீறி நுழைவது 1989 ரயில்வே சட்டத்தின் 147-ஆவது பிரிவில் குற்றம். இதைச் சொல்வது அவர்களைத் தூற்ற அல்ல, சட்டமும் உங்களைக் குற்றவாளியாகப் பார்க்கவில்லை என்று நீங்கள் தெரிந்துகொள்ளத்தான். அதே சமயம் அவர்கள் மேல் இரக்கமும் வரும். தாங்க முடியாத துயரத்தில் வந்தவர்களுக்கு அந்த நேரத்தில் வேறு எதுவும் கண்ணில் படவில்லை, கேபினில் ஒரு ஆள் இருக்கிறான் என்பதும்கூட. கோபமும் இரக்கமும் சேர்ந்தே இருக்கும். ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டிய கட்டாயம் இல்லை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்று மாறி மாறி வந்தாலும் சரிதான்.

பேப்பரில் அவர் பெயர், குடும்பம், போட்டோ வரும். தேடிப் பார்க்காதீர்கள் என்பது என் கட்சி. பெயர் தெரிந்தால்தான் பிரார்த்தனை செய்ய முடியும் என்பவர்களும் இருக்கிறார்கள், அவர்கள் பார்க்கட்டும். ஆனால் செல்போனில் மற்றவர்கள் அனுப்பும் வீடியோவைப் பார்க்கவே பார்க்காதீர்கள். உடனே அழித்துவிடுங்கள், குரூப்பில் போடாதே என்று ஒரு வரி எழுதுங்கள்.

கோயில், பரிகாரம்

எங்கள் பக்கம் மோட்ச தீபம் ஏற்றும் வழக்கம் உண்டு. பெயர் தெரியாத உயிருக்கும் ஏற்றலாம். எனக்கு அது நிம்மதி தந்தது. என்னோடு வேலை பார்த்த ஒரு பாய் துவா செய்வார், ஒரு கிறிஸ்தவ நண்பர் பூசைக்குப் பணம் கட்டுவார். போன உயிருக்கு நம்மால் ஆனதைச் செய்தோம் என்ற திருப்தி மனதுக்குத் தேவை. ஆனால் "உனக்குத் தோஷம் பிடித்திருக்கிறது, இத்தனை ஆயிரத்துக்குப் பரிகாரம் செய்தால்தான் போகும், இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பாதிக்கும்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். அந்தப் பேச்சு நீங்கள் குற்றவாளி என்ற எண்ணத்தைத்தான் நிலைநிறுத்தும். விளக்கு ஏற்றிவிட்டு வரும்போது நெஞ்சு லேசானால் அது நல்லது. பயம் கூடினால் அந்த இடம் உங்களுக்கு வேண்டாம்.

மறுபடியும் அந்த மாஸ்ட்டைக் கடக்கும்போது

தண்டவாளத்துக்கு மேலே போகும் மின்கம்பியைத் தாங்கும் ஓவர்ஹெட் மாஸ்ட்டில் நம்பர் எழுதியிருப்பதே நமக்கு வினையாகிவிடுகிறது. மற்றவர்களுக்கு அது ஏதோ ஒரு கம்பம், நமக்கு அந்த நம்பர் மனப்பாடம். பத்து கிலோமீட்டர் முன்னாலேயே வயிற்றைக் கலக்கும்.

முதல் தடவை போகும்போது அசிஸ்டென்டிடம் முன்கூட்டியே சொல்லுங்கள். முடிந்தால் லோகோ இன்ஸ்பெக்டரிடம் சொல்லி, உங்களுக்குப் பழக்கமான ஒருவரோடு போங்கள். அந்த இடம் நெருங்கும்போது நாம் தினமும் செய்வதையே இன்னும் அழுத்தமாகச் செய்யுங்கள்: கையை நீட்டி, வாய்விட்டு, "டிஸ்டன்ட் கிரீன்", "ஹோம் கிரீன்" என்று ஒவ்வொரு சிக்னலின் பெயரையும் நிறத்தையும் சொல்வது. சிக்னல் இல்லாத இடத்தில் கண்ணுக்குப் படுவதைச் சொல்லுங்கள். "விசில் போர்டு. கேட் மூடியிருக்கு. வலது பக்கம் தென்னந்தோப்பு. வேகம் 100. பிரேக் பைப் 5 கிலோ." அதிர்ச்சி நினைவு உங்களைப் பழைய நாளுக்குள் இழுக்கும், இன்றைக்குக் கண்முன்னால் இருப்பதைப் பெயர் சொல்லிச் சொல்வது இன்றைக்கு இழுத்து வரும். உளவியல் மருத்துவர்கள் நோயாளிகளுக்குச் சொல்லித்தரும் பயிற்சியும் ஏறக்குறைய இதுதான். நமக்கு அது வேலையிலேயே இருக்கிறது. கடந்த பிறகு "சரி, தாண்டியாச்சு" என்று சத்தமாகச் சொல்லுங்கள். அன்றைக்குத் தாண்ட முடியவில்லை, அழுகை வந்துவிட்டது என்றால் அதற்காக உங்களைத் திட்டாதீர்கள். அடுத்த தடவை இருக்கிறது.

ட்யூட்டிக்குக் கூப்பிடும் போன் மணி கேட்டாலே தூக்கிவாரிப் போடுகிறது என்றால் ரிங்டோனை மாற்றிவிடுங்கள். சின்ன விஷயம்தான், ஆனால் பலன் உண்டு.

வீட்டில் இருக்கும் அம்மாவுக்கும் மனைவிக்கும்

என்ன பார்த்தீர்கள், எப்படி ஆனது என்று கேட்காதீர்கள். சாப்பாடு வையுங்கள், பக்கத்தில் உட்காருங்கள். அந்த வாரம் கறி, மீன் சமைக்காமல் இருந்தால் நல்லது, பலருக்கு அந்த வாடை ஆகாது. "ஆம்பள இப்படி உடைஞ்சு போகலாமா" என்று சொல்லாதீர்கள், மற்றவர்களையும் சொல்லவிடாதீர்கள். தூக்கத்தில் கத்தினால் தொட்டு உலுக்காதீர்கள். கொஞ்சம் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிட்டு, வீட்டில்தான் இருக்கிறார் என்று சொல்லுங்கள். எரிந்து விழுவார், பிள்ளைகள் பயப்படுவார்கள். அப்பாவுக்கு வேலையில் ஒரு பெரிய கஷ்டம் நடந்தது, உன் மேல் கோபம் இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்லிவிடுங்கள். அடி, உதை என்று போனால் அதைப் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. அப்போது அவருக்கும் உதவி வேண்டும், உங்களுக்கும் வேண்டும்.

டாக்டரிடம் எப்போது

நிறையப் பேருக்குச் சில வாரங்களில் தானாகவே அடங்கும். ஒரு மாதத்துக்கு மேலும் காட்சி வந்துகொண்டே இருந்தால், கெட்ட கனவு விடாவிட்டால், அந்த லைனையே தவிர்க்க லீவ் மேல் லீவ் போட்டால், குடி ஏறினால், டாக்டரைப் பாருங்கள். உயிரோடு இருந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் ஒரு மாதம் என்ன, ஒரு நாள்கூடக் காத்திருக்காதீர்கள். அன்றைக்கே யாரிடமாவது சொல்லுங்கள். மத்திய அரசின் டெலி மானஸ் எண் 14416, 24 மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். 104-லும் பேசலாம். ரயில்வே மருத்துவமனையில் கேளுங்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது.

ரயில் ஓட்டத் தேவையான ஏ-1 மெடிக்கல் தகுதி போய்விடுமோ, ஆபீசில் உட்காரவைத்துவிடுவார்களோ என்ற பயத்தில்தான் நம் ஆட்கள் போவதில்லை. அந்தப் பயம் எனக்குப் புரியும், வண்டி ஓட்டுவதற்குக் கிடைக்கும் ரன்னிங் அலவன்ஸ் போனால் வீட்டு லோன் என்ன ஆகும் என்று எனக்கும் தெரியும். ஆனால் தூங்காமல், கைநடுங்க, சிக்னலைத் தவறவிட்டு வரும் ஆபத்து அதைவிடப் பெரிது. இதற்கு நல்ல சிகிச்சை உண்டு. அதிர்ச்சிக்கென்றே வகுத்த பேச்சு சிகிச்சை இருக்கிறது, கண்ணை இடமும் வலமுமாக அசைத்துச் செய்யும் ஈ.எம்.டி.ஆர். என்ற முறையும் இருக்கிறது. இரண்டையும் உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைத்திருக்கிறது. தேவைப்பட்டால் மாத்திரையும் உண்டு.

டாக்டரிடம் போகும்போது மேலே சொன்ன கணக்குப் பேப்பரை எடுத்துப் போங்கள். வாயால் சொல்ல வராததை அது சொல்லும். எத்தனை மணி நேரம் தூங்குகிறீர்கள், காட்சி எந்த நேரத்தில் வருகிறது, குடிக்கிறீர்களா, சாக வேண்டும் என்று தோன்றியதா என்று நாலு வரி எழுதிக்கொள்ளுங்கள். ரயில் ஓட்டுகிறேன், நைட் ட்யூட்டி உண்டு என்று முதல் வரியிலேயே சொல்லுங்கள். மந்தமாக்கும் மாத்திரையைச் சாப்பிட்டுவிட்டு கேபினில் ஏறக் கூடாது, அதற்கேற்ப அவர் மருந்தையும் ரெஸ்ட்டையும் எழுதித் தருவார். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால், உங்களுக்கு ஏற்கெனவே தன் கதையைச் சொன்ன அந்த மூத்தவரைக் கூட்டிக்கொண்டு போங்கள்.